இரைப்பைச் சுவரில் கட்டி: ஜிஸ்ட் நோயாளியோடு கூடப் போகிறவருக்கு

பெரிய ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும் எந்த வீட்டிலும் ஒருவர் நோயாளியாக இருப்பார், இன்னொருவர் ஃபைலைத் தூக்கிக்கொண்டு கூடப் போவார். இந்த அத்தியாயம் அந்த இரண்டாமவருக்கு. ஆலங்குளத்திலோ வெம்பக்கோட்டையிலோ இருந்துகொண்டு, ஜிஸ்ட் என்ற அபூர்வமான இரைப்பைக் கட்டிக்கு வைத்தியம் பார்க்க நேர்ந்தால் எதற்குப் பின் எதைச் செய்வது என்பதை வரிசையாகச் சொல்கிறேன். என்ன மருந்து, என்ன ஆபரேஷன் என்று தீர்மானிப்பவர் டாக்டர். தேவையான ரிப்போர்ட் தேவையான நாளில் அவர் மேஜையில் இருக்கிறதா என்று பார்ப்பது உங்கள் வேலை. அதைச் சாதாரண வேலை என்று நினைக்காதீர்கள்.

தெரிந்துகொள்ள வேண்டியது இவ்வளவுதான்

வழக்கமான இரைப்பைப் புற்றுநோய் உள்தோலில் தொடங்கும். ஜிஸ்ட் அதற்கு அடியில், தசைச் சுவரில் தொடங்கும். குடல் அசைவுக்குத் தாளம் கொடுக்கும் கஹால் செல்கள் அங்கே உண்டு. அந்த வகைச் செல் ஒன்றில் பெரும்பாலும் கிட் என்ற மரபணு கெட்டுப்போய், வளரச் சொல்லும் சமிக்ஞை நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும். ஆண்டுக்கு 10 லட்சம் பேரில் 10 முதல் 15 பேருக்கு வருகிறது. பாதிக்கு மேல் இரைப்பையில், மிச்சத்தில் பெரும்பகுதி சிறுகுடலில். நடுவயது தாண்டியவர்களுக்கே அதிகம்.

கட்டி உள்தோலுக்கு அடியில் இருக்கிறது என்பதை மட்டும் மனத்தில் வையுங்கள். பின்னால் வரும் குழப்பங்களில் பாதி அங்கிருந்துதான் கிளம்புகின்றன.

"பட்டாசு மருந்துத் தூசியால வந்திருக்குமோ?" என்று நம் பக்கத்தில் எல்லோரும் கேட்பார்கள். அந்தத் தூசிக்கும் ஜிஸ்டுக்கும் தொடர்பு நிறுவப்படவில்லை. சாப்பாட்டாலோ பழக்கத்தாலோ வருவதாகவும் தெரியவில்லை. மரபணு மாற்றம் பிறந்த பிறகு ஒரு செல்லில் தானாக நேர்வது. குடும்பத்தில் வழிவழியாக வருவது மிக அரிது. ஆகவே யார் மேலும் பழி போட்டு நேரத்தைச் செலவழிக்க வேண்டாம்.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

இந்தக் கட்டி பெரும்பாலும் வலிக்காது. ரத்தம் கசியும். அதனால் முதல் அறிகுறி வயிற்றில் தெரியாமல் முகத்திலும் மூச்சிலும் தெரியும்: வெளிறிய முகம், படியேறினால் இரைப்பு, தலைசுற்றல். தீப்பெட்டி ஒட்டும் வேலைக்கும் பட்டாசு ஆலைக்கும் போகிற பெண்களிடம் இவை தென்பட்டால் "ரத்தம் கம்மி" என்று சத்து மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுவது சுலபம். மாத்திரை சாப்பிடும்வரை ரத்தம் ஏறும், நிறுத்தினால் இறங்கும். ஏன் குறைகிறது என்று யாரும் கேட்பதில்லை.

1. மலத்தின் நிறத்தைப் பாருங்கள். தார் மாதிரிக் கருப்பாக, பிசுபிசுவென ஒட்டி, மோசமான நாற்றத்துடன் போனால் இரைப்பைப் பக்கம் ரத்தம் கசிகிறது என்று சந்தேகிக்க வேண்டும். இரும்புச் சத்து மாத்திரையாலும் கருப்பாகும். அது பொதுவாக இப்படி ஒட்டாது, இப்படி நாறாது. வித்தியாசத்தை வீட்டிலேயே முடிவு செய்ய வேண்டாம். டாக்டரிடம் இரண்டையும் சொல்லுங்கள்.

2. கொஞ்சம் சாப்பிட்டதுமே வயிறு நிறைந்துவிடுகிறதா, மேல்வயிற்றில் கனமாக எதுவும் தட்டுப்படுகிறதா என்று கேளுங்கள்.

3. இடுப்பு வலிக்கு மெடிக்கல் கடையில் வாங்கிப் போடும் வலி மாத்திரைகளின் பெயரைக் குறித்து வையுங்கள். அவையும் புண்ணாக்கி ரத்தம் கசியச் செய்யும். டாக்டர் கட்டாயம் கேட்பார்.

எச்சரிக்கை: ரத்த வாந்தி, கருப்பு மலத்தோடு மயக்கம், திடீரென்று வயிறு முழுக்கக் கடும் வலி: இந்த மூன்றில் எது வந்தாலும் 108. காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இராத்திரியைக் கடத்தாதீர்கள்.

இன்னொன்று. குடலேற்றம் என்று எண்ணெய் போட்டு வயிற்றை நீவி விடுகிற வழக்கம் நம் ஊர்களில் இன்னும் இருக்கிறது. வயிற்றில் கட்டி என்று தெரிந்தாலோ சந்தேகம் இருந்தாலோ யார் கையும் வயிற்றை அமுக்க விடாதீர்கள். ஜிஸ்ட் மெல்லிய உறையோடு, உள்ளே ரத்தமும் கூழுமாக இருக்கலாம். அது உடைந்து வயிற்றுக்குள் சிந்தினால் நோயின் கணக்கே மாறிவிடும். அனுபவமுள்ள சர்ஜன்கள்கூட ஆபரேஷனின்போது அதை அலுங்காமல்தான் எடுப்பார்கள்.

முதல் சுற்றுப் பரிசோதனைகள்

1. ஹீமோகுளோபின் பாருங்கள். பெண்களுக்கு 12, ஆண்களுக்கு 13 என்ற அளவுக்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. ஆண் ஒருவருக்கோ மாதவிடாய் நின்ற பெண்ணுக்கோ இரும்புச் சத்துக் குறைவால் ரத்தசோகை என்றால் இரைப்பையையும் குடலையும் பார்க்காமல் விடக்கூடாது. இந்த ஒரு வாக்கியத்தை அழுத்திச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு: "சார், ரத்தம் எங்க போகுதுன்னு பார்க்கணும்."

2. குழாய் விட்டு இரைப்பைக்குள் பார்ப்பது எண்டோஸ்கோப்பி. அதற்குக் குறைந்தது 6 மணி நேரம் வெறும் வயிறு. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் முந்தைய வாரமே சொல்லிவிட வேண்டும்.

3. ரிப்போர்ட்டில் "சப்மியூகோசல்" என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். உள்தோல் வழவழவென்று நன்றாக இருக்கிறது, அடியிலிருந்து ஏதோ முட்டிக்கொண்டு நிற்கிறது என்று அர்த்தம். சில சமயம் அந்த மேட்டின் உச்சியில் சின்னப் புண் இருக்கும். ரத்தம் கசிவது அங்கிருந்துதான்.

4. அடுத்தது வயிறு, இடுப்பெலும்புப் பகுதி இரண்டுக்கும் சாய ஊசி போட்ட சிடி ஸ்கேன். அதற்கு முன் கிரியேட்டினின் பரிசோதனை வேண்டும். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிட்டால் சொல்லுங்கள். முன்பு சாய ஊசிக்கு அரிப்போ மூச்சுத் திணறலோ வந்திருந்தால் அதையும்.

ஸ்கேன் எடுத்த இடத்தில் படத்தோடு அது பதிந்த டிஸ்க்கையும் கேட்டு வாங்குங்கள். அச்சடித்த ஃபிலிமை மட்டும் வைத்துக்கொண்டு இன்னொரு ஊரில் சர்ஜன் அளவெடுக்க முடியாது.

பயாப்ஸியில் "ஒன்றுமில்லை" என்று வந்தால்

ஃபைல் தூக்குகிறவர் சறுக்கும் இடம் இதுதான், நிதானமாகப் படியுங்கள்.

எண்டோஸ்கோப்பிக் குழாய் வழியாகப் போகும் சின்ன இடுக்கி உள்தோலைத்தான் கிள்ளும். கட்டியோ அதற்கு அடியில். அதனால் ரிப்போர்ட்டில் "நாள்பட்ட இரைப்பை அழற்சி, புற்றுநோய்ச் செல்கள் இல்லை" என்று வரலாம். வீட்டில் எல்லோரும் கும்பிட்டுவிட்டு, கேஸ் மாத்திரை வாங்கிக்கொண்டு அவரவர் வேலைக்குப் போய்விடுவார்கள். ரிப்போர்ட் பொய் சொல்லவில்லை. கிள்ளிய இடத்தில் இருந்ததைச் சொல்லியிருக்கிறது, அவ்வளவுதான். எண்டோஸ்கோப்பியில் மேடு தெரிந்து, பயாப்ஸியில் எதுவும் தெரியாமல் போனால் விசாரணை இன்னும் முடியவில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

டாக்டரிடம் கேட்க வேண்டியவை:

1. "எண்டோஸ்கோப்பிக் அல்ட்ராசவுண்ட் தேவைப்படுமா?" குழாயின் நுனியிலேயே அல்ட்ராசவுண்ட் கருவி இருக்கும். கட்டி சுவரின் எந்த அடுக்கில் இருக்கிறது என்று பார்த்து, அங்கேயே மெல்லிய ஊசியால் சதை எடுக்கலாம். எல்லா ஊரிலும் இந்த வசதி கிடையாது. முன்கூட்டியே போன் செய்து கேட்டுவிட்டுப் போங்கள்.

2. "வயிற்றுத் தோல் வழியாக ஊசி போடப் போகிறீர்களா?" போடவே கூடாது என்பதில்லை. கட்டி உடைகிற, சிந்துகிற அபாயம் இருப்பதால் முடிந்தவரை இரைப்பைக்குள்ளிருந்து எடுப்பதையே விரும்புவார்கள்.

3. "ஊசி போடாமலே ஆபரேஷனுக்குப் போகலாமா?" சிறியதாக, சுலபமாக எடுக்கக்கூடியதாக, ஸ்கேனில் ஜிஸ்ட் போலவே தெரிந்தால் சர்ஜன் நேராக எடுத்துவிடுவதும் உண்டு. அலட்சியம் என்று நினைக்க வேண்டாம்.

2 சென்டிமீட்டருக்குக் குறைந்த இரைப்பைக் கட்டி, தொந்தரவு எதுவும் இல்லை என்றால் உடனே வெட்டாமல் இடைவெளி விட்டுப் பார்த்துக்கொண்டிருப்பதும் ஏற்கப்பட்ட வழிதான். "எடுக்காம விட்டுட்டாங்க" என்று டாக்டரை மாற்றாதீர்கள். மறுபரிசோதனைத் தேதியை மட்டும் தவறவிடாதீர்கள்.

சதையைச் சோதிக்கும் லேபிடம்

கட்டியின் சதை கையில் கிடைத்ததும் பேத்தாலஜி லேபில் அதற்குச் சாயம் ஏற்றிப் பார்ப்பார்கள். சிடி 117, டாக் 1 என்ற இரண்டு பெயர்கள் ரிப்போர்ட்டில் இருக்க வேண்டும். இவை பாசிட்டிவ் என்றால் ஜிஸ்ட் என்பது பெரும்பாலும் உறுதி. இவை இல்லாமல் "ஸ்பிண்டில் செல் கட்டி" என்று மட்டும் எழுதி முடித்திருந்தால் அது அரைகுறை ரிப்போர்ட். தசைக் கட்டியும் நரம்பு உறைக் கட்டியும்கூட மைக்ராஸ்கோப்பில் அப்படித்தான் தெரியும். மூன்றுக்கும் வைத்தியம் வேறுவேறு.

ஆபரேஷனுக்குப் பிறகு வரும் ரிப்போர்ட்டில் தேட வேண்டியவை நான்கு: கட்டி எந்த இடம், எத்தனை சென்டிமீட்டர், 5 சதுர மில்லிமீட்டரில் எத்தனை செல்கள் பிரிந்துகொண்டிருக்கின்றன, கட்டி உடைந்ததா. இமாட்டினிப் என்ற மாத்திரை வேண்டுமா, எத்தனை வருடம் என்பது இந்த நான்கை வைத்துத்தான். 5 முதல் 10 சென்டிமீட்டர் உள்ள இரைப்பைக் கட்டியில் பிரியும் செல்கள் 5-க்கு மேல் போகாவிட்டால் நோய் பரவும் வாய்ப்பு 100-க்கு 4 பேருக்கும் குறைவு. அதே அளவுக் கட்டியில் எண்ணிக்கை 5-ஐத் தாண்டினால் 100-க்கு 55 பேர். ஒரே ஒரு எண் எவ்வளவு வித்தியாசம் செய்கிறது பாருங்கள். அந்த எண் எழுதப்படாமல் இருந்தால் லேபுக்குத் திரும்பிப் போய்க் கேட்க வேண்டியது நீங்கள்தான்.

மெழுகில் பதித்த சதைத் துண்டைப் பாரஃபின் பிளாக் என்பார்கள். ஊர் மாறும்போது பிளாக்கையும் ஸ்லைடுகளையும் எழுதிக் கொடுத்து வாங்கிக்கொள்ளுங்கள். வெயிலில் நின்ற காரிலோ பைக் டேங்க் கவரிலோ வைக்காதீர்கள். மெழுகு உருகும்.

குறிப்பு: எந்த விண்ணப்பத்திலும் "ஆலங்குளம், வெம்பக்கோட்டை வட்டம், விருதுநகர் மாவட்டம்" என்று முழுசாக எழுதுங்கள். தென்காசி மாவட்டத்திலும் பெரிய ஆலங்குளம் ஒன்று இருக்கிறது. சென்னையில் உள்ளவர்களுக்கு அந்த ஊர்தான் நினைவுக்கு வரும். ரிப்போர்ட் கூரியரில் அங்கே போய்ச் சுற்றும்.

எங்கே போவது, யார் செலவு

ஆலையில் ஈஎஸ்ஐ பிடித்தம் இருந்தால் அதிலிருந்து தொடங்குங்கள். சிவகாசி ஈஎஸ்ஐ ஆஸ்பத்திரியில் காட்டி, மேல்சிகிச்சைக்குப் பரிந்துரைக் கடிதம் வாங்கிய பிறகு வெளியே போக வேண்டும். கடிதம் இல்லாமல் தனியாரிடம் போய்ச் செலவழித்துவிட்டு, பிறகு பில்லை நீட்டினால் பணம் வாங்குவது குதிரைக்கொம்பு. புற்றுநோய், ஈஎஸ்ஐயின் நீண்டகால நோய்ப் பட்டியலில் இருக்கிறது. தகுதியுள்ள தொழிலாளிக்கு வேலைக்குப் போக முடியாத காலத்தில் சம்பளத்தில் 80 சதவீதம் வரை, அதிகபட்சம் 2 ஆண்டுகள் கிடைக்க வழியுண்டு. எத்தனை காலம் வேலையில் இருந்திருக்க வேண்டும், எத்தனை நாள் பிடித்தம் போயிருக்க வேண்டும் என்ற நிபந்தனைகளைக் கிளை அலுவலகத்தில் கேளுங்கள். மருத்துவச் சான்றிதழில் இடைவெளி விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஈஎஸ்ஐ இல்லையென்றால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை. விஏஓவிடம் தொடங்கி வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதாரோடு விருதுநகர் கலெக்டர் ஆபீஸில் உள்ள பதிவு மையத்துக்குப் போக வேண்டும். ஆபரேஷன் தேதி வந்த பிறகு அட்டைக்கு அலைவதைவிட, ஸ்கேன் எடுத்த வாரமே போய்விடுவது நல்லது.

விருதுநகரில் 2022-இல் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. ஆரம்பப் பரிசோதனைகளுக்கு மதுரை வரை ஓட வேண்டியதில்லை. ஆபரேஷனுக்கு மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையின் இரைப்பை-குடல் அறுவை சிகிச்சைத் துறை இருக்கிறது. சிக்கலான நோய்க்குச் சென்னை அடையாறு புற்றுநோய் நிலையமும் வேலூர் சிஎம்சியும். என் அபிப்பிராயம்: கட்டி பெரியதாக இருந்தால் சர்ஜன், புற்றுநோய் மருந்து டாக்டர் இருவரும் ஒரே கட்டடத்தில் உள்ள இடமாகப் பாருங்கள். ஏன் என்பது அடுத்த பகுதியில்.

ஆபரேஷனுக்கு முன்

1. "முதலில் மாத்திரையா, கத்தியா?" கட்டி பெரியதாகவோ, இரைப்பையும் உணவுக்குழாயும் சேரும் இடத்தில் எக்கச்சக்கமாகவோ இருந்தால் 6 முதல் 12 மாதம் இமாட்டினிப் கொடுத்துச் சுருக்கிவிட்டு எடுப்பார்கள். முழு இரைப்பையை இழக்க வேண்டியவர் ஒரு துண்டோடு தப்பலாம். இந்த முடிவை சர்ஜனும் மருந்து டாக்டரும் சேர்ந்து எடுக்க வேண்டும். இப்படி மாத்திரை தொடங்குமுன் சதைப் பரிசோதனை கட்டாயம்.

2. "எவ்வளவு எடுப்பீர்கள்?" பெரும்பாலும் கட்டியும் அதைச் சுற்றிச் சிறிது சுவரும் போதும். வழக்கமான இரைப்பைப் புற்றுநோயில் செய்வது போல நெறிக்கட்டிகளைத் தோண்டி எடுப்பது பொதுவாகத் தேவைப்படாது. ஜிஸ்ட் அந்த வழியில் பரவுவது அரிது.

3. "துளை வழியாகவா, திறந்தா?" இரண்டும் சரி. உறை உடையாமல் முழுசாக வெளியே வருவதுதான் முக்கியம். தழும்பு சின்னதாக இருக்க வேண்டும் என்று சர்ஜனை நெருக்காதீர்கள்.

வழக்கமான கீமோ ஊசிகளுக்கு ஜிஸ்ட் அனேகமாக அசையாது; ரேடியேஷனுக்கும் பொதுவாக இடமில்லை. "பக்கத்து வீட்டு மதினிக்குக் கரண்ட் வச்சாங்களே" என்ற ஒப்பீடு இங்கே உதவாது.

மாத்திரை: இமாட்டினிப்

2000-த்துக்கு முன் பரவிய ஜிஸ்டுக்கு மருந்தே இல்லை. பெரும்பாலானோர் ஒன்றரை வருடம் தாண்டுவது கடினம். ஜப்பானில் ஹிரோட்டா குழு 1998-இல் கிட் மரபணுக் கோளாறைக் கண்டுபிடித்தது. 2000 மார்ச்சில் ஃபின்லாந்தின் ஹெல்சிங்கியில் ஒரு பெண்ணுக்கு இமாட்டினிப் முதன்முதலாகக் கொடுக்கப்பட்டு, கட்டிகள் சுருங்கின. அந்த மாத்திரைதான் இன்று உங்கள் கையில் இருப்பது.

அது உங்கள் கைக்கு எட்டும் விலையில் இருப்பதற்குச் சென்னையில் தொடங்கிய ஒரு வழக்கும் காரணம். நோவார்ட்டிஸ் கம்பெனி 1998-இல் சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில் இந்த மருந்தின் ஒரு வடிவத்துக்கு விண்ணப்பித்தது. 2006-இல் நிராகரிப்பு. சட்டப்பிரிவையே எதிர்த்த மனுவைச் சென்னை உயர் நீதிமன்றம் 2007-இல் தள்ளியது. 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் காப்புரிமை இல்லை என்று முடித்துவைத்தது. வழக்கு நடந்த காலத்தில் கம்பெனி மருந்து மாதம் ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல். இந்தியத் தயாரிப்பு அதில் பத்தில் ஒரு பங்கு அளவில். ஆகவே ஜெனரிக் மாத்திரை கொடுத்தால் "மட்டமானது" என்று முகம் சுளிக்காதீர்கள். பில்லோடு வாங்குங்கள், பட்டையில் பேட்ச் எண்ணைக் குறித்து வையுங்கள், பிராண்டு மாறினால் டாக்டரிடம் சொல்லுங்கள்.

தொடங்குமுன் மரபணுப் பரிசோதனை பற்றிக் கேளுங்கள். பெரும்பாலோருக்குக் கோளாறு எக்ஸான் 11-இல் இருக்கும். மாத்திரை நன்றாக வேலை செய்யும். எக்ஸான் 9 என்றால், பரவிய நோயில் இரட்டிப்பு அளவு கொடுப்பதுண்டு. பிடிஜிஎஃப்ஆர்ஏ மரபணுவில் டி842வி என்ற கோளாறு என்றால் இமாட்டினிப் வேலை செய்யாது. வருடக்கணக்கில் வீணாக விழுங்காமல் இருக்க இந்தப் பரிசோதனைச் செலவு தகும்.

சாப்பிடும் முறை:

1. வழக்கமான அளவு நாளுக்கு 400 மில்லிகிராம், ஒரே வேளை. வயிறு நிறையச் சாப்பிட்ட பிறகு, பெரிய டம்ளர் தண்ணீரோடு. வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும்.

2. ஒரு நாள் மறந்துவிட்டால் மறுநாள் இரண்டாகப் போடக்கூடாது. போட்டதும் வாந்தி வந்தாலும் இன்னொன்று வேண்டாம்.

3. முதல் மாதம் வாரம் ஒரு முறை, அடுத்த மாதம் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ரத்த அணுக்கள் பார்ப்பது வழக்கம். பிறகு டாக்டர் சொல்லும் இடைவெளியில். ஈரல் பரிசோதனையும் உண்டு.

4. காலையில் கண்ணைச் சுற்றி வீங்கும், கெண்டைக்கால் பிடித்து இழுக்கும், வயிறு போகும். இவை எதிர்பார்த்தவைதான். திடீரென்று எடை ஏறினாலோ, மூச்சு வாங்கினாலோ, காய்ச்சல், மஞ்சள் காமாலை, கருப்பு மலம் கண்டாலோ அன்றே போங்கள்.

5. காசநோய்க்கான ரிஃபாம்பிசின், வலிப்புக்கான ஃபெனிட்டாயின் இரண்டும் இந்த மருந்தின் வேகத்தைக் குறைத்துவிடும். சில ஆன்டிபயாட்டிக்குகளும் பூஞ்சை மருந்துகளும் ஏற்றிவிடும். பம்பளிமாஸ், கிரேப் ஃப்ரூட் வேண்டாம். நாட்டு மருந்து ஏதும் எடுத்தால் மறைக்காதீர்கள்.

6. குழந்தை பெறும் வயதுப் பெண்கள் கருத்தடை இல்லாமல் சாப்பிடக்கூடாது. தாய்ப்பாலும் கொடுக்கக்கூடாது.

பெரிய தவறு மாத்திரையைத் தானே நிறுத்துவது. ஆபரேஷன் முடிந்து ஆறு மாதத்தில் ஆள் தெளிவாகிவிடுவார். "கட்டிதான் எடுத்தாச்சே, எதுக்கு விஷத்தைச் சாப்பிடணும்" என்று பேச்சு வரும். அபாயம் அதிகமுள்ளவர்களுக்கு 3 வருடம் கொடுப்பதற்குக் காரணம் இருக்கிறது. 2012-இல் வெளிவந்த ஐரோப்பிய ஆய்வில் 3 வருடம் சாப்பிட்டவர்களில் 100-க்கு 92 பேர் ஐந்து ஆண்டுகள் கழித்து உயிரோடு இருந்தார்கள். ஒரு வருடத்தோடு நிறுத்தியவர்களில் 82 பேர். நோய் ஏற்கெனவே பரவியிருந்தால் கணக்கே வேறு: மாத்திரை வேலை செய்யும்வரை தொடர வேண்டும். கேட்காமல் போனால் சுனிட்டினிப், அதன்பின் ரெகோராஃபெனிப் என்று வரிசை இருக்கிறது.

வேலைக்குத் திரும்பும்போது

இமாட்டினிப் சிலருக்குத் தலைசுற்றலும் பார்வை மங்கலும் தரும். அலுவலக நாற்காலியில் உட்காருகிறவருக்கு அது தொந்தரவு. பட்டாசு மருந்து கலக்கும் அறையிலோ திரி செருகும் இடத்திலோ நிற்பவருக்கு அது பக்கத்தில் உள்ளவரின் உயிரையும் சேர்த்த விஷயம். முதல் சில மாதம் அந்த அறைகளுக்குள் போகவே வேண்டாம். ஃபோர்மேனிடம் நேராகச் சொல்லுங்கள்: "அண்ணாச்சி, டாக்டர் எழுதிக் கொடுத்திருக்காரு. கொஞ்ச நாளைக்குப் பேக்கிங் பக்கம் போட்டுருங்க." டாக்டரிடம் அந்த எழுத்தை முன்பே வாங்கிக்கொள்ளுங்கள். ஆபரேஷன் தழும்பு ஆறும்வரை, சர்ஜன் சொல்லும் நாள்வரை, பெட்டி தூக்கும் வேலையும் கூடாது.

ஸ்கேன் நாட்கள்

1. அபாயம் அதிகமுள்ளவருக்கு மாத்திரை காலத்தில் 3 முதல் 6 மாதத்துக்கு ஒரு சிடி ஸ்கேன். முடிந்தவரை ஒரே இடத்தில் எடுங்கள், ஒப்பிடச் சுலபம்.

2. பழைய ஸ்கேன் டிஸ்க்குகளை ஒவ்வொரு முறையும் கொண்டு போங்கள். மாத்திரை வேலை செய்யும்போது கட்டி சுருங்காமல், உள்ளே மட்டும் கரைந்து ஸ்கேனில் கருமையாகத் தெரிவதுண்டு. ஆரம்ப மாதங்களில் அளவு சற்றுக் கூடியதுபோலவும் தோன்றும். அளவை மட்டும் பார்த்து "மருந்து கேக்கல" என்று சொல்லப்பட்டால், ஜிஸ்ட் பார்த்துப் பழகிய டாக்டரிடம் படத்தைக் காட்டிவிட்டே முடிவெடுங்கள்.

3. மூன்று வருடம் முடிந்து மாத்திரையை நிறுத்திய உடன் வரும் இரண்டு ஆண்டுகளில்தான் நோய் திரும்பும் வாய்ப்பு அதிகம். மாத்திரை இல்லாததால் ஆஸ்பத்திரிக்குப் போகும் பழக்கமும் விட்டுப்போகும் காலமும் அதுதான். அந்த இரண்டு ஆண்டுகளுக்கு 3, 4 மாதத்துக்கு ஒரு ஸ்கேன் தேதியைக் கடைசி மாத்திரைச் சீட்டு வாங்கும்போதே டாக்டரிடம் எழுதி வாங்கி, வீட்டுக் காலண்டரில் குறித்துவிடுங்கள். பட்டாசு சீசன் மாதங்களில் தேதி விழுந்தால், விடுப்பை முன்னதாகவே சொல்லி வையுங்கள்.